நாங்களே கூட்டிக்கொண்ட பீஸ்

எங்கள் பீஸை நாங்களே ஓட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டோம் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. "குறைக்கச் சொல்லித்தானே கேப்பாக? கூட்டச் சொல்லி எவனாவது கேப்பானா?" என்று சிரிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். ஆனால் நடந்தது அதுதான். இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் பெருமைப்பட எத்தனையோ காரணங்கள் கிடைத்திருக்கின்றன. எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

எனக்கு ஊர் ராஜபாளையம். என் அப்பா, எங்கள் வீட்டுப் பேச்சில் அத்தா, அங்கே ஜவுளிக்கடை வைத்திருந்தார். ராஜபாளையத்துப் பையன்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வில்வண்டி பேசியிருந்தோம். இருட்டுப் பிரியும்போது கிளம்பினால் முதல் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கலாம். வண்டியில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வழியெல்லாம் இரண்டு பாஷையிலும் சண்டை நடக்கும். மேற்கே மலை கூடவே வரும். அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்தது மத்தியானம்தான்.

மத்தியான மணி அடித்ததும் உள்ளூர்ப் பையன்கள் தேரோடும் தெருக்களைப் பார்த்து வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். சோறு சிந்தும், எறும்பு வரும் என்று பியூன் வகுப்பறைகளை எல்லாம் பூட்டிவிடுவார். வெளியூர்ப் பையன்கள் எங்களுக்கு மிச்சம் இருந்தது மரத்தடிதான். அதிலும் யாரும் எழுதி வைக்காத ஒரு பங்கீடு இருந்தது. பெரிய வேம்பு தெலுங்கு வீட்டுப் பையன்களுக்கு. வாகை மரம் கிருஷ்ணன்கோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு. எனக்கும், இன்னொரு முஸ்லிம் பையனுக்கும் ஒரு சோனிப் பூவரசு. இந்த மூன்றிலும் சேராதவன் ஒருவன் இருந்தான். வன்னியம்பட்டியிலிருந்து நடந்தே வருவான். வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவர்கள். அவன் பின்பக்க மதிலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். உச்சி வெயில் நேரத்தில் மதிலுக்கு நிழலே கிடையாது.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், எல்லோரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்த நேரம் பார்த்து கோடை மழை கொட்டியது. சோற்றைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினோம். அது ஆள் நிற்க மட்டும் காணும் வராந்தா. சாரல் முழங்கால் வரை நனைத்தது. திரும்பிப் பார்த்தால் வன்னியம்பட்டிக்காரன் மட்டும் மதிலோரத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கலயத்தை வயிற்றோடு அணைத்தபடி, நின்றபடியே சாப்பிட்டான்.

"ஏலே, இங்க வாலே, இங்க எடம் இருக்கு" என்று கத்தினேன்.

"ஏற்கெனவே தண்ணி ஊத்திக்கிட வேண்டிய சோறுதாம்லே! இன்னைக்கி மழையே ஊத்திட்டு!" என்று பதிலுக்குக் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் வராந்தாவுக்கு அவன் வரவில்லை. வந்தால் யார் விலகி நிற்பார்கள், யார் நிற்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் எங்கள் வண்டியில் வரும் பையன்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தலைப்பாகையும் நீளக் கோட்டுமாக இருப்பார். அவர் அறைக்குத் தானாகப் போகிறவன் யாரும் கிடையாது.

"சார், வெளியூர்ப் பையன்கள் உக்காந்து சாப்பிட ஒரு கொட்டகை வேணும்."

"யார் போடறது? கமிட்டிகிட்டப் பணம் இல்லை. பீஸைக் கூட்டினாத்தான் உண்டு."

"கூட்டுங்க சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியூர்ப் பையனுக்கு மட்டும் கூட்ட முடியாது. கூட்டினா எல்லாருக்கும்தான். மாசம் ஓரணா ஆகும். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிடறானே, அவன் உன் கொட்டகைக்கு ஏன் கொடுக்கணும்? சொல்லு பார்ப்போம்."

நான் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அவன்கிட்டப் போய்ச் சொல்லு. மேல் வகுப்புப் பசங்க எல்லாரும் ஓட்டுப் போடட்டும். கூட்டலாம்னு வந்தா கூட்டறேன். வேண்டாம்னு வந்தா இந்தப் பேச்சை அதோட விட்டுடணும். சம்மதமா?"

ஓட்டு என்பது அப்போது முனிசிபாலிட்டிக்கு வரி கட்டுகிற பெரியவர்கள் விஷயம். மீசை கூடச் சரியாக முளைக்காத எங்களிடம் ஒருவர் அதைத் தூக்கிக் கொடுத்ததும் தலைகால் புரியவில்லை. சம்மதம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. மேல் வகுப்புகளில் உள்ளூர்ப் பையன்கள்தான் அதிகம். எங்களை எல்லாம் சேர்த்தாலும் அவர்களில் பாதிகூடத் தேற மாட்டோம்.

உள்ளூர்ப் பையன்களுக்குத் தலைவன் என் வகுப்பில் என் பக்கத்திலேயே உட்காருகிறவன். பஞ்சு வியாபாரி ஒருவரின் மகன். அவன் அப்பா பள்ளிக்கூடக் கமிட்டியிலும் இருந்தார். பையன் நன்றாகப் படிப்பான், நன்றாகப் பேசுவான், யாரையும் ஏமாற்ற மாட்டான். அவனிடம் விஷயத்தைச் சொன்னபோது சுற்றி வளைக்காமல் சொன்னான்:

"வேண்டாம்லே. ஒனக்கு நெழலு வேணும்னா எங்க வீட்டுக் கொல்லைக்கி வந்து சாப்பிடு. எம்புட்டு எடம் கெடக்கு! பீஸ மட்டும் கூட்டாத. ஒரு தடவ ஏறுச்சுன்னா பொறவு எவன் எறக்குவான்? நமக்குப் பொறவு வாரவனும்ல அழுவான்?"

"எல்லாரையும் கூட்டிட்டு வரலாமா ஒங்க கொல்லைக்கி?"

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

யாரை நினைத்துக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. "எங்க அப்பாட்ட கேக்கணும்" என்றான். பிறகு, "அது வேற விஷயம். பீஸு வேற விஷயம். நான் எதுத்துத்தான் பேசுவேன், வருத்தப்படாத" என்றான்.

அடுத்த சில நாட்கள் நான் வகுப்பு வகுப்பாக அலைந்தேன். ஒருவன் மழை நாளில் விளையாட இடம் கிடைக்கும் என்றால் சரி என்றான். இன்னொருவன் தன் வீட்டில் தம்பி தங்கைகள் கத்துகிறார்கள், கொட்டகை இருந்தால் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்றான். ஒரு மத்தியானம் உள்ளூர்ப் பையன் ஒருவனை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்துவைத்து, எங்கள் பூவரசின் கீழே உட்கார வைத்தேன். மணல் சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை மடக்கிக்கொண்டே இருந்தான். மறுநாள் அவனே நான்கு பேரைப் பேசிச் சரிக்கட்டிக்கொண்டு வந்தான்.

வன்னியம்பட்டிக்காரனிடம் மட்டும் நான் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம், வண்டியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, அவன் ஊருக்குப் பாதை பிரிகிற இடம் வரை அவனோடு நடந்தேன்.

"நாளைக்கி நம்ம பக்கம் ஜெயிச்சிரும்னு தோணுது" என்றேன்.

"ஒங்க பக்கம்னு சொல்லு" என்றான். "நான் வேண்டாம்னுதான் போடப் போறேன்."

நான் நின்றுவிட்டேன்.

"ஓரணாதானன்னு நீ எல்லார்ட்டயும் சொல்லுத. எங்க வீட்டுல பீஸு கட்டுத நாளு வருதுன்னாலே எங்க ஆத்தாவுக்கு ஒறக்கம் போயிரும். எவுக வீட்டு வாசல்ல போயி நிக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே கெடப்பா. இன்னும் ஓரணான்னா எங்க அய்யா போதும்லே படிச்சதுன்னுருவாரு. ஒனக்கு முன்னாடியே சொல்லிப்புடுதேன். பொறவு மூஞ்சியத் தூக்கிட்டு அலையக் கூடாது."

அவன் போய்விட்டான். நான் வண்டியைப் பிடிக்க ஓடவில்லை. நடந்தே போய் எப்போது வீடு சேர்ந்தேனோ தெரியாது. யாருக்காக இதை ஆரம்பித்தேனோ அவனே வேண்டாம் என்கிறான். அவன் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது. அன்று வீட்டில் அத்தா, "என்னப்பா, ஒடம்புக்கு என்ன?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பெரிய ஹாலில் கூடினோம். ஹெட்மாஸ்டர் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "நான் பேச மாட்டேன். நீங்களே பேசிக்கோங்கோ" என்றார்.

பஞ்சு வியாபாரி மகன் முதலில் பேசினான். சத்தம் போடவில்லை, கேலி செய்யவில்லை. ஒருவருக்கு உதவ வேண்டுமென்றால் அவரவர் மனசார உதவலாம், எல்லோர் மடியிலும் கைவிட்டு எடுக்கக் கூடாது என்றான். நமக்குப் பிறகு வருகிறவர்களைக் கேட்காமல் அவர்கள் பீஸை நாம் கூட்டலாமா என்று கேட்டான். ஹாலில் தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும், அவ்வளவு நன்றாகப் பேசினான்.

பிறகு நான் எழுந்தேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டது. வெயில், மழை, மணல் என்று நாலு வார்த்தை சொல்லித் தடுமாறி உட்கார்ந்தேன்.

அப்போது பின்வரிசையில் வன்னியம்பட்டிக்காரன் எழுந்தான். அவன் ஹாலில் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"கொட்டக எனக்குத்தான் வேணும். இங்க இருக்குத எல்லாரவிட எனக்குத்தான் வேணும். ஆனா ஓரணா ஏத்துனியன்னா நான் இங்க இருக்க மாட்டேன். நான் இல்லாத கொட்டகைக்கி நானே எப்படி ஓட்டுப் போட?"

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. எழுந்து, "பீஸு கட்ட முடியாதவங்க அதுக்குப் பதிலா வேலை செய்யட்டுமே. மண்ணு சுமக்கலாம், கல்லு எடுத்துக் குடுக்கலாம்" என்றேன்.

அவன் உடனே திரும்பினான். "அப்பம் எவன் தலையில கூடை இருக்குன்னு பாத்தாலே எவன் வீட்டுல இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போவும். அதுக்கு நான் மதிலோரத்துலயே தின்னுட்டுப் போறேன்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். முன்வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. அக்ரஹாரத்துப் பையன். ஐந்தாம் பாரம். கணக்குப் போடும்போது தவிர வாய் திறக்காதவன்.

"அப்போ எல்லாருமே சுமந்தா?"

முதலில் சிரித்தார்கள். அவன் தலையில் கூடையை நினைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எல்லாருமே சுமந்தா யாருன்னு தெரியாதே" என்றான் மறுபடியும். கூலி மிச்சமானால் பீஸும் அவ்வளவு கூட்ட வேண்டியிருக்காதே என்று இன்னொருவன் சொன்னான். அதற்கு மேல் ஹாலில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லோரும் பேசினார்கள்.

பேச மாட்டேன் என்ற ஹெட்மாஸ்டர் எழுந்தார். "எல்லாரும் வேலை செஞ்சா அரையணாப் போதும். தூணும் கூரையும் போட்டுடலாம். ஆனா எல்லாரும்னா எல்லாரும்தான். ஒருத்தன் வீட்டுல ஆளை அனுப்பறேன்னு சொல்லப்படாது. சனிக்கிழமை தோறும். இப்போ ஓட்டு இதுக்குத்தான். சரிதானா?"

வன்னியம்பட்டிக்காரனைப் பார்த்தேன். விரலை மடக்கி, அரையணா வீட்டில் முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சு வியாபாரி மகன், "சரி சார். ஓட்ட வெச்சிருங்க" என்றான்.

கையைத் தூக்கச் சொன்னால் ஒருவன் முகத்தைப் பார்த்து ஒருவன் தூக்குவான் என்று ஹெட்மாஸ்டர் வேறு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொருவன் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு பருத்திக்கொட்டை. கூட்டலாம் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் பருத்திக்கொட்டை. துணி போட்டு மூடிய பித்தளைத் தவலைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். மற்றதை வெளியே கொண்டுபோய் எறிந்துவிட வேண்டும்.

முதல் பையன் போய்க் கையை விட்டான். டங் என்று ஒரு சத்தம். அடுத்தவன் விட்டான். சத்தமே இல்லை. பஞ்சு ஒட்டிய பருத்திக்கொட்டை தவலையில் விழுந்தால் எங்கே சத்தம் வரும்? ஹால் முழுக்க ஒரே சிரிப்பு. யார் எதைப் போட்டான் என்று பின்வரிசை வரை கேட்டுவிட்டது. ஹெட்மாஸ்டரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான். பியூனை அனுப்பி இரண்டு கை மணல் அள்ளி வரச் செய்து தவலைக்குள் போட்டு, அந்த இருவரையும் மறுபடி போடச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் முறை வந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. புளியங்கொட்டையை மணலுக்குள் அழுத்தி வைத்துவிட்டு வந்தேன்.

எண்ணி முடித்துத் தரையில் விரித்த வேட்டியில் இரண்டு குவியலாக வைத்தார்கள். ஒரு குவியல் கொஞ்சம் உயரம். புளியங்கொட்டை. வித்தியாசம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் உள்ளூர்ப் பையன்கள் பலர் போடாமல் அந்தக் கைப்பிடி வந்திருக்காது. தாங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிடப் போகாத கூரைக்கு, யாரும் பார்க்காத இடத்தில் கையை விட்டு, கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பஞ்சு வியாபாரி மகன் நேரே என்னிடம் வந்தான். "ஜெயிச்சிட்டிய. எப்பம் மண்ணு செமக்கணும்?" என்றான்.

வன்னியம்பட்டிக்காரன் எதைப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னதும் அத்தா வாய்விட்டுச் சிரித்தார். "பீஸக் கூட்டிக்கிட்டதும் இல்லாம மண்ணும் செமக்கணுமா? நல்ல படிப்புத்தான் போ" என்றார். ஆனால் முதல் சனிக்கிழமை வண்டி கிளம்பும்போது கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து போட்டார். "சும்மாட்டுக்கு ஆகும். எல்லாருக்கும் குடு." சிவப்பும் பச்சையும் கட்டம் போட்டதுமாகத் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு பையன்கள் வரிசையாகப் போனதைப் பார்க்கத் தெருவில் ஆட்கள் நின்றார்கள்.

ஊரிலிருந்து ஒரு கொத்தனார் மட்டும்தான் கூலிக்கு. அஸ்திவாரம் தோண்டியது, செங்கல் சுமந்தது, சுண்ணாம்பு குழைத்தது எல்லாம் நாங்கள். முதல் வாரம் எல்லோர் கையிலும் கொப்புளம். கூடையை நிரப்பிவிட்டால் தானாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவன் ஒரு கை கொடுக்க வேண்டும். பக்கத்தில் யார் நிற்கிறானோ அவன்தான். பொறுக்கி எடுக்க நேரம் கிடையாது, பின்னால் வரிசை நிற்கும். வராந்தாவில் விலகி நின்றவர்கள் வன்னியம்பட்டிக்காரன் தலைக்குக் கூடை தூக்கிவிட்டார்கள். அவனும் அவர்கள் தலைக்குத் தூக்கிவிட்டான். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்ரஹாரத்துப் பையனுக்கு வீட்டுக் கொல்லைவாசலில் தனியாக ஒரு அண்டாத் தண்ணீர் வைத்திருப்பார்களாம். அதில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனாலும் ஒரு சனிக்கிழமை அவன் தவறவில்லை.

தூண்கள் எழும்பி, கூரைச் சட்டமாகப் பனங்கை வைத்து, ஓடு வேய ஆரம்பித்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் பஞ்சு வியாபாரி தன் சொந்தக் கொத்தனார் ஒருவரோடு வந்தார். நல்ல மனிதர். பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ செய்தவர். தூணுக்குத் தூண் நடந்து பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்:

"நல்லா வந்திருக்கு. உள்ள மட்டும் மூணு குறுக்குச் சொவரு எழுப்பிருவோம். என் செலவு. அவிய அவிய எடத்துல அவிய அவிய உக்காந்து சாப்பிடட்டும். நாளைக்கி எந்த வீட்டுலயும் ஒரு பேச்சு வரப்படாது பாருங்க."

ஹெட்மாஸ்டர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. கமிட்டி ஆளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்? நாங்கள் கூடைகளோடு அப்படியே நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வேறொருவன் கூடையைக் கீழே வைத்தான். சுண்ணாம்புக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் போனான். அவருடைய மகன்.

"அப்பா, ஓட்டுல சொவரு இல்ல" என்றான்.

"என்னது?"

"நாங்க போட்ட ஓட்டுல சொவரு இல்ல. தூணும் கூரையுந்தான். அதுக்குத்தான் பீஸு கட்டுதோம்."

"ஏலே, நீ வேண்டாம்னுதான போட்ட? வீட்டுல வந்து நீதான சொன்ன?"

"ஆமா. வேண்டாம்னுதான் போட்டேன். தோத்துட்டேன். தோத்த பொறவு நானும் அரையணா கட்டுதேன், நானும் மண்ணு செமக்கேன். எனக்குப் புடிக்காததுக்கே நான் கட்டுப்பட்டு நிக்கேன். இப்பம் யாரையும் கேக்காம மூணு சொவரு வந்துச்சுன்னா, அன்னைக்கி நாங்க எதுக்கு ஓட்டுப் போட்டோம்?"

"பணம் என்னுதுலே" என்றார் அவர். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொட்டக எங்களுதுப்பா."

அப்பாவிடம் அப்படிப் பேசுகிற பிள்ளையை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. ஹெட்மாஸ்டர் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேணும்னா சுவருக்குத் தனியா இன்னொரு ஓட்டு வைக்கலாம். பசங்க முடிவு பண்ணட்டும்" என்றார்.

பஞ்சு வியாபாரி எங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லோர் தலையிலும் அத்தா கொடுத்த துணி. எல்லோர் காலிலும் ஒரே மண். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று தேடித்தான் பார்க்க வேண்டும். "வேண்டாம். இதுக்கெல்லாம் எதுக்கு ஓட்டு" என்றார். கொத்தனாரைப் பார்த்து, "வெயிலு ஏறுது. வா, போவம்" என்று திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பற்றி யாரும் பேசவில்லை. மகனிடம் சில நாட்கள் அவர் பேசவில்லையாம். பிறகு ஒரு நாள் பஞ்சு நிறுக்கும்போது, வழக்கம் போல், "ஏலே, வந்து தட்டப் புடி" என்றாராம். கமிட்டியில் எங்களுக்கு எதிராக அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர் போனதும் வன்னியம்பட்டிக்காரன் போய், கீழே வைத்த கூடையைத் தூக்கிப் பஞ்சு வியாபாரி மகன் தலையில் வைத்தான். "எதுத்துப் பேசுனவந்தாம்லே நமக்குக் காவல் நிக்கான்" என்றான் என்னிடம். அன்று எனக்குக் கூடை கனக்கவே இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை முடிந்துவிட்டது. முதல் நாள் மரத்தடியில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தோம். வேப்பமரத்துக்காரர்கள் ஒரு பக்கம், வாகைமரத்துக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் இரண்டு பேர் நடுவில், வன்னியம்பட்டிக்காரன் மேற்குக் கோடியில். சுவர் இல்லையே தவிர, இடைவெளி இருந்தது. நான் ஏமாற்றத்தோடு சாப்பிட்டேன். ஆனால் மழை வலுத்ததும் மலைப் பக்கமிருந்து சாரல் அடித்தது. மேற்குக் கோடி நனைந்தது. அவன் கலயத்தோடு உள்ளே நகர்ந்தான். அடுத்த நாள் காற்று மாறி, கிழக்கே இருந்தவர்கள் உள்ளே நகர்ந்தார்கள். பத்துப் பதினைந்து நாள் மழையில் எல்லோரும் நடுவுக்கு வந்துவிட்டோம். யாருடைய ஊறுகாய் நல்ல ஊறுகாய் என்று பேச்சு ஆரம்பித்தது. எடுத்துக் கொடுத்துச் சாப்பிடவில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் நாங்கள் போகவில்லை. ஆனால் வட்டமாக உட்கார்ந்தோம், முகத்தைப் பார்த்துப் பேசினோம்.

மழைக்காக ஒரு நாள் வீட்டுக்குப் போகாமல் கொட்டகையில் ஒதுங்கியிருந்த பஞ்சு வியாபாரி மகனிடம், "இப்பம் மறுபடி ஓட்டு வெச்சா என்ன போடுவ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னுதாம்லே போடுவேன்" என்றான் அவன், கொஞ்சம்கூட யோசிக்காமல். எல்லோரும் சிரித்தோம். அவன் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்று இன்னும் கூடியது.

வருஷக் கடைசியில் மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுத நாங்கள் வெளியூர் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு மத்தியானம். வன்னியம்பட்டிக்காரன் காலையில் கலயத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். அவன் ஆத்தா அதை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தே வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தயங்கினார். அவன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றோம்.

"இது நாங்க கட்டுனது ஆத்தா" என்றான்.

அவர் ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் மேலும் கீழும் தடவினார். "இதுல நீ செமந்த கல்லு எது?" என்று கேட்டார்.

"எல்லாமே நாந்தான்."

"பொய் சொல்லுதான் ஆத்தா" என்றது பின்னாலிருந்து பஞ்சு வியாபாரி மகனின் குரல். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்த அவனும் அக்ரஹாரத்துப் பையனும் அன்று அங்கே இருந்தார்கள். "பாதி நான் செமந்தது. என் தலையில வழுக்க விழுந்துட்டு, பாருங்க."

அவர் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் நிற்பதைப் பார்த்து அக்ரஹாரத்துப் பையன்தான், "உக்காருங்கோ அம்மா, நிழல்தானே" என்றான். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, நடந்து வந்த காலை நீட்டிக்கொண்டார். மகன் கலயத்தைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தான். நாங்களும் உட்கார்ந்தோம்.